அப்பத்தாவோடு ஏறிய அழகர்மலை: அம்மாவை அழைத்துக்கொண்டு அதே வழியில் மறுபடி நடக்க முடியுமா?

மேலூர்ப் பேத்தி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவின் ஊர் மேலூருக்கு மேற்கே, அழகர்கோயில் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர். 1980களின் தொடக்கத்தில், நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆடி அமாவாசைக்கு அப்பத்தா என்னையும் என் தம்பியையும் அழகர்மலைக்கு அழைத்துச் செல்வார். பேருந்து ஓடத் தொடங்கிவிட்ட காலம்தான் என்றாலும், நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவர் என்பதால், விடிவதற்கு வெகுநேரம் முன்பே கட்டுச்சோற்று மூட்டையைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு, ஊர்ப்பெண்கள் சிலரோடு வெறுங்காலுடன் புறப்பட்டுவிடுவார். தம்பிக்கும் எனக்கும் மட்டும் செருப்பு உண்டு. அதையும் கோட்டைச் சுவரைத் தாண்டியதும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயிலை அடைந்தவுடன் பெருமாளைச் சேவிக்க உள்ளே செல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பதினெட்டாம்படிக் கருப்பின் மூடிய கதவுக்கு முன்னால் நின்று, இன்ன ஊரிலிருந்து இன்னார் வீட்டுப் பிள்ளைகள் இத்தனை பேர் வந்திருக்கிறோம், மேலே போய்விட்டு வருகிறோம் என்று அப்பத்தா உரக்கச் சொல்வார். அதன் பிறகுதான் மலையேற்றம். வழியில் சோலைமலை முருகன், அதற்கும் மேலே ராக்காயி அம்மன், சிலம்பாற்றுத் தீர்த்தத்தில் குளியல், ஈரச்சேலையோடு இறக்கம், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அழகர். மிளகும் சுக்கும் மணக்கும் அந்தக் கோயில் தோசை ஒன்றை வாங்கி, ஏழெட்டுப் பேர் பிய்த்துப் பகிர்ந்து தின்றுவிட்டு ஊர் திரும்புவோம்.

இந்த நடைக்கு என் அம்மா ஒருமுறைகூட வந்ததில்லை. மாடு கன்றுகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் எப்போதும் மருமகளாகவே இருந்தார். இப்போது அம்மா எங்களோடு நாக்பூரில் இருக்கிறார். எழுபது வயதைக் கடந்துவிட்டார். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. அண்மையில் என் மகள் பழைய கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த மலையை நான் அடிவாரத்தோடு பார்த்ததுதான்" என்று அம்மா சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அது மனத்தை விட்டு அகலவில்லை. வருகின்ற தீபாவளி விடுமுறையில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து அந்த வழியில் நடந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறிந்தவர்கள் எனக்குச் சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். கல் பாவிய பழைய நடைவழி இன்னும் இருக்கிறதா, அல்லது தார்ச்சாலையில்தான் ஏற வேண்டுமா? ஐப்பசி மாதம் இதற்கு ஏற்றதா? இன்னொன்றும் உண்டு. கருப்பின் வாசலுக்கு வருவதற்கு முன்பே, விடியும் நேரத்தில், ஒரு பெரிய பாறைக்கு அடியில் எங்களை உட்கார வைத்து, அங்கிருந்த சுனை நீரைக் காட்டி, வழவழப்பாகச் செதுக்கப்பட்ட கல் படுக்கைகளில் பஞ்சபாண்டவர்கள் வனவாசத்தின்போது படுத்திருந்தார்கள் என்று அப்பத்தா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்பியோ, அழகர்கோயில் வழியில் அப்படி ஓர் இடமே கிடையாது, நீ வேறு எங்கோ பார்த்ததைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறாய் என்று அடித்துச் சொல்கிறான். அவன் பின்னாளில் மதுரையில் குடியேறி, அங்கிருந்து பலமுறை மலைக்குப் போய் வந்தவன் என்பதால் அவன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு அதிகம்.

அடிவாரத்தார் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. கோட்டைச் சுவருக்கு வெளியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வழி. கோயிலிலிருந்து சோலைமலைக்கு இன்று வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலை இருக்கிறது. அதில் வேன்கள் ஓடுகின்றன. நடப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சாலையின் ஓரமாகவே ஏறுகிறார்கள். மேலே சோலைமலை முருகன் கோயில்வரை மூன்று, நான்கு கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து ராக்காயி அம்மனும், நீங்கள் சிலம்பாற்றுத் தீர்த்தம் என்று எழுதிய நூபுர கங்கையும் இன்னும் சற்றுத் தொலைவு. பழைய நடைவழியின் துண்டுகள் சில வளைவுகளுக்கு இடையே கண்ணில் படும். அவற்றைப் பார்த்துவிட்டு, இதுதான் அப்பத்தா வந்த தடம் என்று காட்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு, வனப்பகுதிக்குள் நடப்பதற்கான விதிகள் தமிழகம் முழுவதும் இறுக்கப்பட்டன. பொதுப் பாதையை விட்டு விலகுவதென்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். மலைச்சாலையில் நடப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

சாலை என்றதும் மனம் சோர்ந்துவிட வேண்டாம். மழைக்குப் பிறகு இருபுறமும் மரங்கள் கவிந்து நிற்கும். வேன்களின் சத்தம் அடங்கிய இடைவெளிகளில் பழைய மலை அப்படியே காதில் விழும். வழியில் அனுமார் தீர்த்தம், கருட தீர்த்தம் என்று இரண்டு இடங்கள் உண்டு. வேனில் போகிறவர்கள் அவற்றைக் கவனிப்பதே இல்லை. நடப்பவர்களுக்கு அவைதான் இளைப்பாறும் இடங்கள், அழகருக்கும் அப்படித்தான். ஐப்பசி வளர்பிறைத் துவாதசியன்று அவர் தைலக்காப்புக்காகப் பல்லக்கில் மலையேறும்போது அந்த இரண்டு இடங்களிலும் நின்று தீபாராதனை ஏற்றுக்கொண்டுதான் மேலே செல்வார். மேலே மாதவி மண்டபத்தில் அவருக்கு மூலிகைத் தைலம் சாத்தி, நூபுர கங்கை நீரால் திருமஞ்சனம் செய்வார்கள். அந்த நீரைத் தவிர வேறு நீரால் நீராட்டினால் திருமேனி கறுத்துவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. சித்திரையில் அவர் மதுரைக்குப் புறப்படும்போதும் இந்தத் தீர்த்தம் கூடவே போகும்.

உங்கள் அப்பத்தா கருப்பிடம் சொல்லிவிட்டு ஏறியதைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை என்றாலும், உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் கள்ளழகர் வேடத்தில் மதுரைக்குப் புறப்படும்போது, அவர் அணிந்து செல்லும் நகைகளின் பட்டியல் அந்தக் கதவுக்கு முன்னால் வாசிக்கப்படும். திரும்பி வந்ததும் மறுபடி வாசித்துக் கணக்கு ஒப்படைக்கப்படும். சாமியே சொல்லிக்கொண்டு போகிற இடத்தில் நாம் சொல்லாமல் போவது முறையாகாது என்பதுதான் சுற்று வட்டாரத்து நாட்டார் குடும்பங்களின் வழக்கம். உருவம் இல்லை, கதவுதான் தெய்வம், அதற்குத்தான் சந்தனம். ஒரு காலத்தில் நீதிமன்றப் படியேறுவதைவிட அந்தப் படியில் நின்று சத்தியம் செய்வதற்கு மக்கள் அதிகம் அஞ்சினார்கள். அப்பத்தா தலைகளை எண்ணிச் சொன்னாரே, அது நகைக் கணக்கைப் போன்ற ஒப்படைப்புத்தான். இறங்கி வந்ததும் மறுபடி எண்ணிச் சொல்லியிருப்பார். நினைவுபடுத்திப் பாருங்கள்.

இனி, நாள். தீபாவளி விடுமுறை என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். தீபாவளியை அடுத்துக் கந்த சஷ்டி தொடங்கிவிடும். பழமுதிர்சோலை என்ற பெயரில் அறுபடை வீடுகளில் ஒன்று என்பதால் அந்த ஒரு வாரமும் சோலைமலையில் கூட்டம் நெருக்கித் தள்ளும். சூரசம்ஹாரத்தன்றும் மறுநாள் திருக்கல்யாணத்தன்றும் முழங்கால் வலியுள்ள ஒருவரை அழைத்து வருவது நல்லதன்று. சஷ்டி முடிந்து துவாதசி வருவதற்குள் ஓரிரண்டு நாள்கள் மலை ஓரளவு அமைதியாக இருக்கும். என் கருத்தில் அந்த நாள்களே உங்களுக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை என்பதால் குடை எடுத்து வாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது ஏறாதீர்கள், பாசி படிந்த ஓரங்கள் வழுக்கும்.

கல்லெழுத்து எழுதுகிறார்:

பாறையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். உங்கள் நினைவு சரியாகவே இருக்கிறது, அம்மா. உங்கள் தம்பி தவறான திசையிலிருந்து தேடுகிறார்.

மதுரையிலிருந்து அழகர்கோயிலுக்கு வருபவர்கள் தெற்கிலிருந்து வருகிறார்கள். அந்த இருபத்தொரு கிலோமீட்டரில் நீங்கள் சொல்லும் பாறை கிடையாது. நீங்கள் மேலூர்ப் பக்கத்திலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறீர்கள். அந்த வழியில் கிடாரிப்பட்டி வரும். ஊரை ஒட்டி அழகர்மலையின் ஒரு பகுதியில், சாலையிலிருந்து உள்ளே விலகி, சமணத் துறவிகள் தங்கியிருந்த இயற்கைக் குகைத்தளம் ஒன்று இருக்கிறது. சுனை இருக்கிறது, கற்படுக்கைகள் இருக்கின்றன. மதுரையைச் சுற்றியுள்ள இத்தகைய குகைகள் பலவற்றை மக்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே அழைத்துவந்தார்கள். ஆகவே உங்கள் அப்பத்தா சொன்னது, இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம்தான்.

அந்தப் பாறையின் முகப்பில் நீங்கள் குழந்தையாக இருந்தபோது கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்று உண்டு. தமிழ் பிராமி என்றும் அழைக்கப்படும் தமிழி எழுத்தில் வெட்டப்பட்ட பழங்கல்வெட்டுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கிறித்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். அவற்றில் படுக்கைகளைச் செய்துகொடுத்தவர்களின் பெயர்களும் தொழில்களும் வருகின்றன. மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், பணிதம் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட சர்க்கரையை விற்றவர் ஒருவர், ஏர்க்கொழு விற்றவர் ஒருவர், அறுவை எனப்பட்ட துணியை விற்றவர் ஒருவர். மன்னர் பெயர்களைத் தேடி வருபவர்களுக்கு அந்தப் பாறை ஏமாற்றம் தரும். எனக்கு அதுவே அதன் பெருமை. ஒரு நகரத்துக் கடைவீதி முழுவதும் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு குகைக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே பாறையில் தீர்த்தங்கரர் உருவம் ஒன்று செதுக்கப்பட்டு, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்தது என்று வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் நடந்த வழியே மிகப் பழையது என்று கருதவும் இடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழிகளைக் கோவலனுக்கு எடுத்துரைக்கும் மறையோன், இடப்பக்கத்து வழியில் சென்றால் திருமால்குன்றம், அதாவது இந்த அழகர்மலை, வரும் என்றும், அங்கே மூன்று பொய்கைகள் உண்டு என்றும் சொல்கிறான். அவற்றில் பவகாரணி என்ற ஒன்றில் மூழ்கினால் பழம்பிறப்பை அறியலாமாம். கவுந்தியடிகள் அதற்குச் சொல்லும் மறுமொழியை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் மகள் தமிழ் படிப்பவளாக இருந்தால் காடுகாண் காதையில் அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பரிபாடலின் பதினைந்தாம் பாடல் இன்னும் நேரடியாக உங்களுக்குப் பொருந்தும். இளம்பெருவழுதி பாடியது. சிலம்பாறு பாயும் இந்த மாலிருங்குன்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, மனைவியரோடும், பெற்றோரோடும், கைக்குழந்தைகளோடும், அன்புக்குரியவர்களோடும் சென்று தொழுங்கள் என்று அது கேட்பவர்களை அனுப்புகிறது. குடும்பமாக ஏறும் மலை என்பது இங்கே பல நூற்றாண்டு வழக்கம் என்று துணிந்து சொல்லலாம்.

கிடாரிப்பட்டிப் பாறைக்கு உங்கள் அம்மாவை அழைத்துச் செல்வதைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஏற்றம் நீளமில்லை, ஆனால் பிடிமானம் குறைவு. அதையும் மலையேற்றத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மகளும் தம்பியும் வேறொரு காலையில் போய்வரட்டும். தம்பியைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

ஊமச்சிகுளத்தான் எழுதுகிறார்:

மேலே எழுதிய பெரியவர்களோடு எனக்கு ஒரு சிறு முரண்பாடு. இத்தகைய விருப்பங்களுக்கு நாம் எல்லோரும் உடனே ஆம் என்று சொல்லிவிடுகிறோம். நானும் என் தாத்தாவோடு பலமுறை ஏறியவன். வளர்ந்த பிறகு அதே நாளில், அதே ஆடி அமாவாசையில், மறுபடி ஏறிப் பார்த்தேன். தீர்த்தத் தொட்டியை நெருங்க வரிசையில் பல மணி நேரம் நின்றதும், பின்னால் இருப்பவர்கள் தள்ளியதும், ஈரத்தில் வழுக்கியதும்தான் மிஞ்சின. தாத்தா இருந்திருந்தால் இந்த நெரிசலில் என்னை அழைத்து வந்திருக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். நீங்கள் ஆடியைத் தவிர்த்து ஐப்பசியைத் தேர்ந்தெடுத்தது நல்லது.

ஆனால் அதே வழியில் என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஊரிலிருந்து கோயில்வரை உள்ள சாலையும் அடங்குமானால், அதை விட்டுவிடுங்கள். அன்று விடியற்காலையில் அந்தச் சாலையில் மாட்டுவண்டிகளும் எப்போதாவது ஒரு பேருந்தும் போயிருக்கும். இன்று கார்களும் லாரிகளும் இருட்டில் விரையும்போது, ஓரத்தில் நடக்கும் ஒரு முதியவரைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார்கள் என்று நம்ப முடியாது. கோட்டைச் சுவர்வரை வண்டியில் வந்து இறங்குங்கள். அப்பத்தா செருப்பைக் கழற்றச் சொன்ன இடமும் அதுதானே, நடையை அங்கிருந்து தொடங்கினால் போதும். உள்ளே முற்றுப்பெறாமல் நிற்கும் ராயகோபுரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செல்லலாம். மகள் கேட்டால் சொல்லுங்கள்: கட்டி முடிக்கப்பட்டிருந்தால் தென்னாட்டின் பெருங்கோபுரங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

வெறுங்கால் விஷயத்தில், தார்ச்சாலை வெயிலில் கொதிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். வேண்டுதல் அப்பத்தாவுடையது, அது அவரோடு நிறைவேறிவிட்டது என்பது என் எண்ணம்.

மேலூர்ப் பேத்தி மறுமொழி:

எல்லோருக்கும் நன்றி. கிடாரிப்பட்டி என்ற பெயரைப் படித்ததும் தம்பியை அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அந்த இட்லியை அங்கேதான் சாப்பிட்டோம்" என்றான். இட்லியைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. அவனுக்குப் பாறை மறந்துவிட்டது, எனக்கு இட்லி மறந்துவிட்டது.

அடிவாரத்து ஐயா கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. நாங்கள் மாலையில் வீடு திரும்பியதும், அப்பத்தா வாசலில் நின்றபடியே அம்மாவிடம், போனவர்கள் இத்தனை பேரும் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் கால் கழுவ அமர்வாராம். கருப்பிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அம்மாவிடம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சொல்லியிருக்கிறார். தீர்த்தச் சொம்பையும் முதலில் அம்மாவிடமே கொடுப்பாராம். இத்தனை ஆண்டுகளாக, அம்மாவை அப்பத்தா விட்டுவிட்டுப் போனார் என்றே நான் எண்ணிவந்திருக்கிறேன். அம்மா இதை வேறு மாதிரியாகவே வைத்திருக்கிறார். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க எனக்கு இப்போது விருப்பமில்லை.

சாலை நடையைக் கைவிட்டோம். சஷ்டிக்கும் துவாதசிக்கும் இடைப்பட்ட நாளில் வருவதாக முடிவு செய்திருக்கிறோம். எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். அம்மாவை வேனில் மேலே ஏற்றிவிட்டு, நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்துகொண்டு, இறங்கும்போது எல்லோரும் சேர்ந்து நடக்கலாம் என்று தம்பி யோசனை சொன்னான். இறக்கம் எளிது என்பது அவன் கணக்கு. அம்மாவோ, வேனில் ஏறினால் அதற்கு நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறார். முதியவர்களை அழைத்துச் சென்ற அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும். இன்னொரு சிறு கேள்வி: சோலைமலை நாவல் மரத்தில் ஐப்பசியில் பழம் இருக்குமா? அப்பத்தா அந்த மரத்தடியில்தான் சுட்ட பழமும் சுடாத பழமும் கதையைச் சொல்வார். மகள் பழத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

கோ.புதூர் மருமகள் எழுதுகிறார்:

சகோதரி, முழங்கால் தேய்மானமுள்ள என் மாமியாரை இதே மலைக்கு அழைத்துச் சென்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தம்பியின் யோசனையைத் தலைகீழாக மாற்றுங்கள். தேய்ந்த முழங்காலுக்கு இறக்கம்தான் பகை. ஏறும்போது மூச்சு வாங்கும். நின்று நின்று ஏறினால் அது சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழுவதும் மடங்கிய முழங்காலின்மேல் இறங்குகிறது. மறுநாள்தான் அதன் விளைவு தெரியும். எங்களுக்கு வைத்தியம் பார்த்த இயன்முறை மருத்துவர் இதைச் சொல்லித்தான் அனுப்பினார். ஆகவே அம்மாவின் விருப்பப்படியே நடந்து ஏறுங்கள். இறங்குவதற்கு எல்லோரும் வேன் பிடியுங்கள். நடந்துதான் ஏறினேன் என்ற நிறைவு அவருக்கு இருக்கும். இறக்கத்தில் வேன் ஏறச் சொன்னால் அவரே மறுக்கமாட்டார். என் மாமியார் மறுக்கவில்லை. முன் இருக்கையைக் கேட்டு வாங்கி அமர்ந்தார்.

புறப்படுவதற்கு முன் நாக்பூரில் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் சற்றுச் சற்றாக நடையைக் கூட்டிப் பழக்குங்கள். முழங்கால் உறையும் உயரம் சரியான கைத்தடியும் வேண்டும். தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், அதாவது இடக்கையில், பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் ஏறத் தொடங்குங்கள். அனுமார் தீர்த்தம், கருட தீர்த்தம் இரண்டிலும் அவர் கேட்காவிட்டாலும் உட்கார வையுங்கள். மடக்கு நாற்காலி ஒன்றைத் தம்பி தூக்கி வரட்டும். திண்டில் அமர்ந்தால் எழுவது கடினம்.

குரங்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. தடியைப் பார்த்து விலகும் என்று நினைக்காதீர்கள். கையில் தெரியும்படி எந்தப் பையையும் வைத்திருக்க வேண்டாம். கட்டுச்சோறு கொண்டுசெல்வதானால் தோளில் மாட்டும் மூடிய பையில் வைத்து, சாப்பிடும்போது சுவர் ஓரமாக அமருங்கள். தேங்காய், வாழைப்பழத் தட்டோடு நடந்தால் கோயில் போய்ச் சேராது.

தீர்த்தத் தொட்டியில் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அம்மாவைத் தொட்டிப் பக்கம் இறக்காமல், நீங்கள் முகந்து வந்து அவர் தலையில் ஊற்றுவது பாதுகாப்பானது. என் மாமியாருக்கு அப்படித்தான் செய்தோம். மாற்றுச் சேலையை மறக்க வேண்டாம். ஈரச்சேலையோடு வேனில் அமர்ந்தால் காற்றுக்கு நடுங்கும்.

நாவல் மரத்தைப் பற்றி: மற்ற இடங்களில் ஆடி, ஆவணியில் பழுப்பது இங்கே கந்த சஷ்டியை ஒட்டிப் பழுக்கும் என்பது தலத்தின் வழக்குரை. நாங்கள் போனபோது காய்தான் இருந்தது. வேண்டுமானால் தீர்மானமாகச் சொல்லாமல், இருந்தால் பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.

அடிவாரத்தார் எழுதுகிறார்:

மருமகள் அம்மா சொன்னதே சரியான வழி. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். மேலிருந்து இறங்கும் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் ஏறத் தொடங்குவதற்கு முன்பே கீழே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தையும் மழையையும் பொறுத்து அது மாறும். மூலவர் சன்னிதி நண்பகலில் சாத்தப்பட்டுவிட்டால் மாலைவரை காத்திருக்க வேண்டியிருக்கும். ராக்காயி அம்மனிடம் நிதானமாக இருந்துவிட்டு, பிற்பகலில் இறங்கி, மாலை நடை திறந்ததும் அழகரைச் சேவிப்பது உங்களுக்கு வசதியாக அமையும்.

தீர்த்தம் எடுத்துச் செல்ல இறுக்கமான மூடியுள்ள கேனை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். மலையில் நெகிழிப் பைகளுக்குத் தடை இருக்கிறது, சோதனையும் உண்டு.